நத்தத்துக்கு வராத கடன்

1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தை எடுத்து 58-ஆம் பிரிவைப் பாருங்கள். மூலப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும், தனியாக ஈட்டுப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டியதில்லை என்று அதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதிக்கு ஒரு வேலியும் இருக்கிறது. ஒப்படைப்பு கல்கத்தாவிலோ, மெட்ராஸிலோ, பம்பாயிலோ நடக்க வேண்டும். அல்லது மாநில அரசு அரசிதழில் பெயர் போட்டு அறிவித்த வேறொரு நகரத்தில் நடக்க வேண்டும். நிலம் எந்தக் காட்டில் வேண்டுமானாலும் கிடக்கலாம். பத்திரம் கை மாறுவது மட்டும் நகரத்தில்.

வத்திராயிருப்புப் பக்கம் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-லிருந்து இருக்கிற பென்னிங்டன் நூலகத்தில் உட்கார்ந்துதான் சட்டப் புத்தகங்களைப் புரட்டக் கற்றுக்கொண்டேன். இந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வீடு கட்டக் கடன் என்றாலே எங்கள் சனம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீடு இங்கே, கையெழுத்து அங்கே.

எங்கள் பக்கத்துப் பிளவக்கல் என்றால் இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு அணை. 2025-இல் அதன் பக்கத்துக் கூமாபட்டியைப் பற்றிய காணொளிகள் ஊரெல்லாம் பரவி, தண்ணீர் பார்க்கக் கூட்டம் வந்து இறங்கியது. அணைப் பூங்காவுக்குப் பத்துக் கோடி ரூபாய் என்று அரசும் அறிவித்தது. எனக்குப் பிளவக்கல் என்றால் சர்வே எண்கள். மேற்கே மலை. அடிவாரத்தில் பெரியாறு அணை 47 அடி, கோவிலாறு அணை 42 அடி, இரண்டும் எழுபதுகளின் கட்டுமானம். அதற்குக் கீழே கண்மாய்கள், நெல் வயல், தென்னந்தோப்பு. இதில் எந்த வயல் யாருடையது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. நஞ்சைக்கும் புஞ்சைக்கும் பட்டா உண்டு, சிட்டா உண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் உண்டு. அந்த வயல்காரர் ராத்திரி படுத்துத் தூங்கும் இடத்துக்குத்தான் காகிதம் இருக்காது.

காரணம் கிராம நத்தம். ரயத்துவாரி முறையில் சர்க்காருக்கு வேண்டியது நிலவரி. வரி வராத குடியிருப்பு மனையை அளந்து ஆவதென்ன? ஊர் முழுவதையும் ஒரே சர்வே எண்ணுக்குள் அடைத்து, 'நத்தம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே நூறு வீடு இருந்தாலும் எண் ஒன்றுதான். நான் எழுதிய வீட்டுக் கிரயங்களில் பாதிக்கு மேல் நான்கு மாலை நம்பித்தான் நின்றன. வண்டிப்பாதைக்கு வடக்கு, அண்ணன் வீட்டுச் சுவருக்குக் கிழக்கு, பிள்ளையார் கோயில் பொட்டலுக்குத் தெற்கு, பொதுச் சந்துக்கு மேற்கு, இதற்குள் கட்டுப்பட்ட மனையும் அதில் கட்டியிருக்கும் ஓட்டு வீடும் என்று எழுதுவோம். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் தெருவுக்கும் அது போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கியின் வக்கீலுக்குப் போதாது. அண்ணன் சுவரை இடித்துக் கட்டினால் எல்லை எங்கே என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

அதனால் கிராமத்தில் வீடு என்பது காகிதம் கேட்காத பணத்தில் எழும்பியது. பழைய வழி ஒத்தி. கையில் வீடு இருந்து ரொக்கம் இல்லாதவர் வீட்டை ஒத்திக்கு விடுவார். வந்தவர் மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருப்பார். வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை, கெடு முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைத் தருவார். அடுத்து புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டி. இதெல்லாம் போக, பால் காய்ச்சும் அன்றைக்கு மொய். கொத்தனார் பாக்கியையும் கம்பிக் கடை பாக்கியையும் மொய் நோட்டைப் பார்த்து முடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அது இனாம் அன்று. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதற்கும் மூலப் பத்திரம் கேட்பதில்லை.

சர்க்கார் இந்த விவகாரத்துக்குள் வந்தது மெதுவாகத்தான். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது; அந்த வருஷமே செங்கல்பட்டு ஜில்லா திரூரில் சங்கம் ஆரம்பித்தார்கள். 1929-இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி எழுந்தது. விவசாயியின் பழைய கடனைத் தீர்க்கவும் நிலத்தைத் திருத்தவும் அது பணம் தந்தது. அடமானமாக வயலை ஏற்றுக்கொண்டது. வயலுக்குத்தான் பட்டா இருக்கிறதே. வீட்டைப் பற்றி அது பேசவே இல்லை.

சுதந்திரம் வந்த பின்னால் வீடு பேச்சுக்கு வந்தது. 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் எங்கள் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். வீட்டைக் கொடுத்தவர் ஊரிலிருந்துகொண்டு வீட்டுக்கு அலைந்தவர்களின் கதையைச் சொல்கிறேன், அவ்வளவுதான். 1954-இல் குறைந்த வருமானக்காரர்களுக்கு வீட்டுக் கடன் என்று மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. வீட்டுச் செலவில் 80 சதவீதம் கடன், உச்சவரம்பு 8,000 ரூபாய். அந்தக் காலத்து 8,000 ரூபாய் வீடு நகரத்துக் குமாஸ்தாவின் வீடு. கிராமத்துக்கென்று தனியாக 1957-இல் ஒரு வீட்டுத் திட்டம் வந்தது. தேர்ந்தெடுத்த கிராமங்களில், பழைய வீட்டைப் புதுப்பிக்கவோ புதிதாகக் கட்டவோ கடன் தருவோம் என்றார்கள். 1959-இல் சென்னையில் கூட்டுறவு வீட்டு அடமானச் சங்கம் பிறந்தது. அதுதான் இன்றைய தமிழ்நாடு கூட்டுறவு வீட்டு வசதி இணையம். எல்.ஐ.சி.யிடமும், 1970-இல் மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனமான ஹட்கோ வந்த பிறகு ஹட்கோவிடமும் இணையம் பணம் வாங்கும். அதற்கு மாநில அரசு ஜாமீன் நிற்கும். இணையத்திடம் வாங்கி ஊர்ச் சங்கங்கள் உறுப்பினருக்குக் கொடுக்கும். எழுபதுகளின் பின்பாதியில் தாலுகா அளவில் வீட்டு வசதிச் சங்கங்கள் வைத்து, கிராமத்து ஏழைகளுக்கும் சின்னக் கடன்கள் வந்தன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அரசு ஜாமீன் என்றால் என்ன? அமெரிக்காவில் 1949-ஆம் வருஷ வீட்டு வசதிச் சட்டத்தின் ஐந்தாம் பகுதி விவசாயிகளின் வீடுகளுக்குக் கடன் ஏற்பாடு செய்தது. 1961-இல் விவசாயி அல்லாத கிராமத்தாருக்கும் அதை நீட்டினார்கள். பின்னாளில் அதே சட்டத்தின் 502-ஆம் பிரிவில் இன்னொரு வழியும் சேர்ந்தது. தனியார் வங்கிதான் கிராமத்தில் வீடு வாங்குகிறவருக்குப் பணம் தரும்; அவர் கட்டாமல் போனால் கடனில் 90 சதவீதம் வரைக்கும் அவர்களுடைய விவசாயத் துறை பொறுப்பு. அதனால் கையிலிருந்து முன்பணம் போடாமலே வீடு வாங்க முடிகிறது. ஜாமீன் அங்கே கடைசி ஆள் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. எங்களுக்கு வந்த ஜாமீன் சென்னையில் இணையத்தின் வாசலோடு நின்றுவிட்டது. ஹட்கோவுக்கு அரசு ஜாமீன். சங்கத்துக்கோ பிளவக்கல்காரரின் மூலப் பத்திரமும், போதாததற்கு பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் கையெழுத்தும். மேலே இருக்கிறவனுக்கு அரசு பொறுப்பு, கீழே இருக்கிறவனுக்கு அண்டை வீடு பொறுப்பு.

கடன் கிடைத்தவனுக்கும் எழுபதுகளில் சுளுவாக வீடு எழும்பிவிடவில்லை. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஆர்.ஆர். நகரில் ராஜபாளையத்துக்காரர்களின் சிமெண்ட் ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து புகைந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சிமெண்ட் எங்கள் ஊர்க் கொத்தனார் கைக்கு வர தாலுகா ஆபீஸில் சீட்டு வேண்டும். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுதும் போனது. அதற்கு முன்னால் கட்டிய வீடுகளைப் பாருங்கள்: சுண்ணாம்புச் சாந்து, பனங்கை, மேலே ஓடு. அழகு என்று இன்றைக்குச் சிலர் படம் எடுத்துப் போகிறார்கள். அப்போது அது வேறு வழி இல்லாத கட்டுமானம்.

1971-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த குடியிருப்புச் சட்டத்தை வீட்டுத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வீட்டுத் திட்டம். பண்ணையார் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கும் கிராமத்துக் கைவினைஞருக்கும் அந்தக் குடியிருப்பு மனை சொந்தம் என்று அது சொன்னது. பைசா கடன் இல்லை, செங்கல் இல்லை, மனை மட்டும். 1974-இல் தாட்கோ பிறந்து ஆதிதிராவிடர் காலனிகளில் வீடு கட்டியது. 1978-இல் அவர்களுக்கு மனை கொடுக்க நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. காலனியில் கிடைத்த இலவச மனைப் பட்டாவுக்கு ஒரு தெளிவு இருந்தது, எண் இருந்தது, வரைபடம் இருந்தது. அதே சமயம் ஊருக்குள் நான்கு தலைமுறையாக இருந்த நத்தத்து வீட்டுக்கு அந்தத் தெளிவு இல்லை. பரம்பரை வீட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். சொல்லியிருக்கிறேன், வந்தது.

வங்கிகள் 1969 ஜூலையில் தேசிய மயமாயின. 1977-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் துணையோடு பாண்டியன் கிராம வங்கி வந்து, விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. மாட்டுக்குக் கடன், மோட்டாருக்குக் கடன், பயிருக்குக் கடன் எல்லாம் வந்தன. (2019-இல் அது பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. போர்டு மாறிய பிறகும் எங்கள் சனத்துக்கு அது பாண்டியன் பேங்க்தான்.) வீட்டுக்கு என்று கேட்டால் மானேஜர் சிரித்துக்கொண்டே வக்கீலைக் கை காட்டுவார். வக்கீல் என்னைக் கை காட்டுவார்.

வக்கீலின் பட்டியல் எனக்கு மனப்பாடம். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. மூலப் பத்திரம். அதற்கும் முந்தின பத்திரம். பூர்வீகச் சொத்தானால் வாரிசுச் சான்று. வீட்டு வரி ரசீது. 1989 மார்ச்சில் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மணமாகாத பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு கொடுத்தது. நல்ல சட்டம், முன்னோடிச் சட்டம். நாடு முழுவதற்கும் அது 2005-இல்தான் வந்தது. அதற்குப் பிறகு வக்கீலின் பட்டியலில் ஒரு வரி கூடியது: அக்கா தங்கச்சிமாரிடம் விடுதலைப் பத்திரம்.

கோவிலாற்றுப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எங்க அய்யா இருந்த வீடு. நான் பொறந்த வீடு. தீர்வை ரசீது இருக்கு, கரண்ட் பில்லு இருக்கு. இன்னும் என்னத்தத்தான் கேக்காக?"

"தங்கச்சி கையெழுத்துக் கேக்காக தம்பி."

"அவ திருப்பூர்ல இருக்கா. கையெழுத்துப் போடுன்னா, எம் பங்க எடுத்து வைண்ணேங்கா."

"அவ கேக்கது தப்பில்லையே."

"தப்புன்னு நான் சொல்லல. பங்கக் குடுத்துட்டேன்னா பெறகு எனக்கு எதுக்குக் கடன்? பங்கு குடுக்கத்தான் கடனே வேணும்!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதில் இருந்த கணக்கு சரியாகவே இருந்தது. கடைசியில் தென்னந்தோப்பில் ஒரு ஓரத்தை விற்றார். தங்கச்சிக்குப் பங்கு போனது, மீதியில் மாடி ஏறியது. வங்கிக்கு அவர் திரும்பப் போகவே இல்லை.

நிலப் பதிவுகளைத் திருத்த 1979-இல் தொடங்கி 1987 வரை யூ.டி.ஆர். நடந்தது. ஊர் ஊராக வந்து வயல் பட்டாக்களைப் புதுப்பித்தார்கள். நத்தத்துக்குள் அவர்கள் கால் வைக்கவில்லை. அதற்கென்று நத்தம் நிலவரித் திட்டம் தனியாக வந்தது எண்பதுகளின் கடைசியில். எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளில். சங்கிலி பிடித்து வீடு வீடாக அளந்தார்கள். முதலில் தோராயப் பட்டா கொடுத்தார்கள். ஆட்சேபணை கேட்டு முடித்த பிறகு தூய பட்டா. பெயரே தோராயம் என்று இருந்ததால் வங்கியில் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. தூய பட்டா கைக்கு வந்தவர்கள் பாக்கியசாலிகள். சந்துத் தகராறில் தூய பட்டா தடைப்பட்டு நின்ற தெருக்கள் உண்டு. அரை அடிக்காக அண்ணனும் தம்பியும் மனுப் போட்டு, இருவருமே தோராயத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த இடைவெளியில் சங்கக் கடன் வாங்கினவர்களின் கதை வேறு. எனக்கு வேண்டிய ஒரு கொத்தனார். எந்தச் சங்கம், எந்த வருஷம் என்பது வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினார். மழை இல்லாத வருஷங்களில் தவணை தவறியது. அபராத வட்டி ஏறியது. வாங்கினதைப் போல இரண்டு மடங்கு கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கிறது என்று நோட்டீஸ் வந்தது. அபராத வட்டித் தள்ளுபடி என்று அரசு பலமுறை அறிவித்திருக்கிறது. அப்படி ஓர் அறிவிப்பில்தான் அவர் மீண்டார். பத்திரம் அவர் கைக்கு வந்தபோது பெட்டியில் கரையான் தின்ற மூலைகளோடு வந்தது. சான்றிட்ட நகல் ஒன்றை எழுதிப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தள்ளுபடிகளைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. கெடு தவறாமல் கட்டியவன் தன்னை ஏமாளி என்று நினைத்துக்கொண்டான். ஆனால் தள்ளுபடி இல்லாமல் போயிருந்தால் என் கொத்தனார் தான் கட்டிய வீட்டிலிருந்து வெளியே போயிருப்பார். கணக்கைப் போட்டவர்கள் முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருந்தால் தள்ளுபடிக்கே வேலை இருந்திருக்காது.

அரசுக்கும் இந்தத் தொல்லை சலித்திருக்க வேண்டும். கிராமத்தில் கடன் கொடுப்பதை விட்டுவிட்டு வீட்டையே கொடுத்துவிடலாம் என்று திரும்பியது. 1985-86-இல் இந்திரா வீட்டு வசதித் திட்டம், முதலில் வேறொரு வேலைத் திட்டத்தின் உள்பிரிவாக. 1996 ஜனவரியிலிருந்து தனித் திட்டமாக. தொகுப்பு வீடு என்றுதான் ஊரில் பெயர். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்காரம்மா பெயரிலோ இருவர் பெயரிலோ வீடு. தொகை 2004-இல் 25,000, 2008-இல் 35,000, 2010-இல் 45,000, 2013-இல் 70,000. இன்னொரு பக்கம் மாநில அரசு: 1997-இல் அறிவித்த சமத்துவபுரம், முதல் ஊர் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தது, நூறு வீடுகள். 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட்டாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். ஆட்சி மாறி 2011-இல் பசுமை வீடு: 300 சதுர அடி, சூரிய விளக்கும் சேர்த்து 1,80,000 ரூபாய். 2016-இல் பிரதம மந்திரி திட்டம், சமவெளிக்கு 1,20,000, மலைக்கு 1,30,000; கூரை ஒட்ட மாநிலம் கூடுதல் பணம் போட்டது. ஒரே தெருவில் நின்று பார்த்தால் எந்த வீடு எந்த ஆட்சியில் என்று சுவர் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த வீடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஓலைக் கூரையில் பாம்புக்குப் பயந்து தூங்கிய பிள்ளைகள் அவற்றில் படித்து வந்திருக்கிறார்கள். ஆனால் யாருக்குக் கிடைத்தது? குடிசை இருந்தவர்களுக்கு. 2016-க்குப் பிறகு 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு. ஒழுகுகிற ஓட்டு வீட்டுக்காரர், அரை ஏக்கர் தென்னை வைத்திருப்பவர், ராஜபாளையம் மில்லுக்குப் போகிற பிள்ளையின் அப்பா, இவர்களெல்லாம் ஏழைகளில் சேர மாட்டார்கள், சம்பளக்காரர்களிலும் சேர மாட்டார்கள். இவர்களுக்குத் தேவை தானம் இல்லை, நியாயமான வட்டியில் ஒரு கடன்.

அப்படி ஒரு திட்டம் வராமல் இல்லை. 1999 ஏப்ரலில் வந்தது. வருஷ வருமானம் 32,000-க்குள் இருக்கும் கிராமக் குடும்பத்துக்கு 40,000 வரை வங்கிக் கடன், 10,000 மானியம். ஆதி நாளிலிருந்து நான் பார்த்த திட்டங்களில் எங்கள் ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்தது அது ஒன்றுதான். மூன்றே வருஷம். 2002-இல் இந்திரா திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். நாற்பதாயிரத்துக்காக வங்கி அதே வக்கீல் பட்டியலை நீட்டினால் யார்தான் போவார்? பட்டியலுக்கே ஐந்தாயிரம் ஆகும்.

பிறகு 2015-இல் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் வட்டி மானியம் வந்தது. ஆறு லட்சம் வரை கடனுக்கு 6.5 சதவீத வட்டியை அரசு ஏற்கும். மொத்தத்தில் 2,67,000 ரூபாய் வரை கடன் கணக்கில் கழியும். நகர்ப்புறம் என்பதில் பேரூராட்சியும் அடக்கம். எங்கள் பக்கத்து வேடிக்கை இங்கேதான். வத்திராயிருப்பு பேரூராட்சி, வ. புதுப்பட்டி பேரூராட்சி, சுந்தரபாண்டியம், எஸ். கொடிக்குளம், மம்சாபுரம் எல்லாம் பேரூராட்சிகள். மகாராஜபுரம் கிராம ஊராட்சி. ஒரே கண்மாய்த் தண்ணீர், ஒரே டவுன் பஸ், ஒரே பள்ளிக்கூடம். நடுவில் போகிற வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டினால் இரண்டரை லட்சத்துக்கு மேல் மானியம், அந்தப் பக்கம் கட்டினால் கிராமத்துச் சட்டம். கிராமத்துக்கும் 2017 ஜனவரியில் ஒரு வட்டி மானியம் அறிவித்தார்கள், இரண்டு லட்சம் வரை கடனுக்கு 3 சதவீதம். அதைக் கேட்டு என் மேசைக்கு வந்தவர் யாரும் எனக்கு நினைவில்லை. பேரூராட்சி எல்லைக்குள் மூன்று செண்டு, நான்கு செண்டு மனைக் கிரயம் எழுதச் சொல்லி வந்தவர்கள் நிறைய. தோப்பு கிராமத்தில், வீடு பேரூராட்சியில் என்று பல குடும்பங்கள் அந்த ஆறேழு வருஷத்தில் இடம் மாறின. நகர்ப்புற மானியம் 2022 மார்ச்சில் நின்றது.

மனை வாங்குவதிலும் 2016-இல் ஒரு கட்டு விழுந்தது. அங்கீகாரமில்லாத மனைப் பிரிவுகளைப் பதியக் கூடாது என்று அந்த வருஷம் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. புஞ்சையைக் கல் ஊன்றிப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஒரே நாளில் என் மேசை காலியானது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். தொழில் கெட்டது என்று நான் புலம்பினேன் என்றாலும் இந்தக் கட்டு வேண்டியதுதான். பாதை இல்லாத மனைகளை எத்தனை பேர் தலையில் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், எழுதியவன் நான்தானே. 2012 டிசம்பரிலிருந்து, பத்திரம் ஒப்படைத்து வாங்கும் கடனையும் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் கட்டாயமானது. அதுவும் நல்லது. அதற்கு முன்னால் வங்கியில் பத்திரம் கிடக்கும், வில்லங்கச் சான்றோ சுத்தமாக இருக்கும். நகலை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவார்கள்.

வங்கியின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடன் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள 2002-இல் வங்கிகளுக்கு ஒரு சட்டம் கிடைத்தது. அதில் விவசாய நிலத்தைத் தொட முடியாது. ஒரு லட்சத்துக்கு மேற்படாத கடனுக்கும் அது பொருந்தாது. விவசாயியைக் காக்கப் போட்ட விலக்கு, சரியானது. அதன் மறுபக்கம், புஞ்சைத் தாக்கில் வீடு கட்டிக்கொண்டு கடன் கேட்கிறவரை வங்கி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

2024-இல் கலைஞர் கனவு இல்லம் வந்தது. 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள், ஒவ்வொன்றும் 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அந்த ஜூலையிலேயே 2,500 சதுர அடி மனைக்குள் கட்டும் சின்ன வீடுகளுக்கு இணையதளத்தில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கலாம் என்றும் ஆனது. வரைபட அனுமதிக்கு ஊராட்சி வாசலில் நின்ற காலம் போனது, மெய்தான். ஆனால் அந்த இணையப் பக்கத்திலும் பட்டாவைத்தான் முதலில் ஏற்றச் சொல்கிறார்கள்.

இத்தனை திட்டங்களையும் எழுதிவிட்டு, பிளவக்கல் பக்கம் கடந்த இருபது வருஷத்தில் சொந்தமாக எழும்பிய மாடி வீடுகள் எந்தப் பணத்தில் எழும்பின என்று கேட்டால், என் பதில் நகைக் கடன். கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலியும் வளையலும் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போகும். பயிர்ச் செலவு என்று எழுதி வாங்குவார்கள், அஸ்திவாரத்தில் போடுவார்கள். சங்கத்துக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் பணம். தங்கத்துக்கு வில்லங்கச் சான்று இல்லை, சந்துத் தகராறு இல்லை, திருப்பூரில் இருக்கிற தங்கச்சியின் கையெழுத்து வேண்டாம். பெண்கள் மகளிர் குழுவில் வாங்கும் கடன் சுவருக்குப் போகும். பூச்சுக்கும் கதவுக்கும் அடுத்த வருஷத்துத் தேங்காய்.

2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில், குடும்பத்துக்கு ஐந்து பவுன் வரைக்குமான கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கம் பல வீடுகளின் அஸ்திவாரம் அன்றைக்குத்தான் கடன் தீர்ந்தது. வீட்டு வசதித் துறையின் கணக்கில் அந்த வீடுகள் ஒன்றும் வராது. தள்ளுபடி ரசீதோடு நகையை மீட்டுக்கொண்டு வந்த ஒரு மதினி, சங்கத்து வாசலிலேயே என்னைப் பார்த்துக் கேட்டார்: "கொழுந்தனாரே, மாடிக்குக் கம்பி கட்டணும். இத இங்கனயே மறுபடி வச்சிரலாமா, இல்ல வெளிய வச்சா கூடத் தருவாகளா?" அன்றைய விலைக்கு எங்கே எவ்வளவு தருவார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.